கபடியும் எடைத் தராசும்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், சம்பா அறுவடை முடிந்த தை மாதம் தொடங்கி கோடைத் திருவிழாக்கள் முடியும் வரை சுவர்களில் ஒரு நோட்டீஸ் கண்ணில் படும். "மின்னொளியில் மாபெரும் கபடிப் போட்டி". அதன் கீழே முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம். நடுவில் பெரிய எழுத்தில் "எடைப் பிரிவு 55 கிலோ" என்றோ "60 கிலோ" என்றோ "ஓபன்" என்றோ இருக்கும். கடைசி வரி மட்டும் எந்த ஊரிலும் மாறாது: நடுவரின் தீர்ப்பே இறுதியானது.

நாம் எல்லோரும் இதைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கபடி ஒரு திறமை விளையாட்டு. மூச்சு, கால் வேகம், பிடி, கூட்டாளியோடு கண்ணால் பேசிக்கொள்வது, இதெல்லாம்தான் கபடி. அப்படியிருக்க ஆட்டக்காரனை ஏன் மூட்டை மாதிரி நிறுத்து எடுக்கிறார்கள்? 55 கிலோ பையன் ஒருவனும் இன்னொரு 55 கிலோ பையனும் சமமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் கபடியின் வரலாறே வருகிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

ஊருக்கு ஒரு சட்டம்

சடுகுடு, கபடி, ஹுதுது என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு. பெயர் மட்டுமா வேறு? சட்டமும் வேறு. பழைய ஆட்டத்தில் மூன்று முறைகள் முக்கியமானவை. மூன்றுமே "தோற்றுக்கொண்டிருப்பவனை என்ன செய்வது" என்ற ஒரே கேள்விக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலாவது காமினி. இதில் ஒருவன் அவுட் ஆனால் ஆனதுதான். தன் அணி முழுக்க அவுட் ஆகும் வரை அவன் வெளியே உட்கார வேண்டும். ஒரு சின்ன அணியில் நன்றாகப் பாடிப் போகிறவன் ஒருவன்தான் இருப்பான். அவனை முதலிலேயே பிடித்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் சும்மா நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது அமர். பெயரே சொல்கிறது, இதில் யாருக்கும் சாவு இல்லை. தொட்டாலும் பிடித்தாலும் எதிரணிக்குப் புள்ளி மட்டும் போகும், ஆட்டக்காரன் உள்ளேயே இருப்பான். கடைசி வரை எல்லோரும் ஆடலாம். ஆனால் அவுட் ஆனதற்கு ஒரு விலையும் இல்லாததால் ஆட்டத்தில் பயம் குறைவு.

மூன்றாவது சஞ்சீவனி. அவுட் ஆனவன் வெளியே போக வேண்டும். ஆனால் அவன் கூட்டாளிகள் எதிரணியில் ஒருவனை அவுட் ஆக்கினால் இவன் உயிர் பெற்று உள்ளே வருவான். இன்று உலகம் முழுக்க ஆடப்படுவது இந்த முறையை ஒட்டிய கபடிதான்.

விதிகளை ஒன்றாக்கும் வேலை மகாராஷ்டிராவில் தொடங்கியது. 1918-இல் விதிகள் வகுக்கப்பட்டு 1923-இல் அச்சாகின. அதே ஆண்டு பரோடாவில் அந்த விதிகளின்படி அகில இந்தியப் போட்டி நடந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு அங்கே கபடியை ஆடிக் காட்டியது. 1950-இல் அகில இந்திய கபடி சம்மேளனம் வந்தது. அடுத்த செய்தி நமக்குக் கொஞ்சம் பெருமையானது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952-இல் நம் சென்னையில்தான் நடந்தது. 1972-இல் இந்திய அமெச்சூர் கபடி சம்மேளனம் உருவானது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடிக்குப் பதக்கம் கிடைக்கத் தொடங்கியது.

இத்தனை மாற்றத்திலும் சஞ்சீவனியின் மனசு மாறவில்லை. ஓர் அணி முழுக்க அவுட் ஆனால் எதிரணிக்கு லோனா என்று 2 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் உடனே தோற்ற அணியின் 7 பேரும் மறுபடி உள்ளே வந்துவிடுவார்கள். அதாவது தண்டனையும் உண்டு, மறுவாழ்வும் உண்டு. பின்னால் வந்த விதிகளும் இதே வழியில்தான் போகின்றன. தடுக்கும் பக்கம் 6 அல்லது 7 பேர் இருந்தால்தான் பாடிப் போகிறவனுக்கு போனஸ் கோட்டில் புள்ளி. தடுக்கும் பக்கம் 3 பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்துவிட்டால் அவர்களுக்குச் சூப்பர் டேக்கிள், ஒரு புள்ளி கூடுதல். ஆள் குறைந்து தவிக்கும் பக்கத்துக்கு விதியே ஒரு கை கொடுக்கிறது.

தராசு வந்தது எதற்கு?

ஆட்டத்துக்குள் இவ்வளவு செய்தும் ஒரு பிரச்சினை தீரவில்லை. உடம்பு! கபடியில் ஒருவன் மேல் நாலு பேர் விழுவார்கள். தொடையைப் பிடிப்பார்கள், கணுக்காலைப் பிடிப்பார்கள், கோட்டைத் தொடவிடாமல் மேலே படுப்பார்கள். 50 கிலோ பையன் மேல் 80 கிலோ ஆள் விழுந்தால் அது போட்டி இல்லை, ஆஸ்பத்திரிக்கு வழி. அதனால்தான் எடை வரம்பு.

சம்மேளன விதிகளில் நீண்ட காலம் வழங்கிய வரம்புகள் இவை. ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ. ஜூனியர் பையன்களுக்கு 70, பெண்களுக்கு 65. சப் ஜூனியருக்கு 55. ஆடுகளமும் மாறும். ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12-க்கு 8.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்மேளனத்தின் 55 கிலோ என்பது வயது வரம்போடு சேர்ந்து வருவது, சிறுவர்களுக்கானது. நம் ஊர் நோட்டீஸில் வரும் 55 கிலோவுக்குப் பெரும்பாலும் வயது வரம்பே இருக்காது. பிளஸ் டூ படிக்கும் பையனும் ஆடலாம், பத்து வருஷம் ஆடிப் பழுத்த ஒல்லி அண்ணனும் ஆடலாம். தராசு இருவரையும் ஒன்றாகத்தான் காட்டும்.

நம் பக்கத்தில் இது கபடிக்கு மட்டும் உரியதும் இல்லை. தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயங்களைப் பாருங்கள். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் விடுவார்கள். இளங்கன்றைப் பெரிய காளையோடு ஓட விட்டால் பார்க்க நன்றாக இருக்காது, மாட்டுக்கும் நல்லதில்லை, அடுத்த தடவை யாரும் வண்டி கொண்டு வரவும் மாட்டார்கள். போட்டி என்றால் சமபலம் வேண்டும் என்பதை யாரும் இவர்களுக்குப் பாடம் எடுத்துச் சொல்லித் தரவில்லை. பந்தயம் தொடர்ந்து நடக்க வேண்டும் என்ற கவலையிலிருந்து தானாக வந்த அறிவு அது.

வெள்ளைக்காரன் செய்த வேடிக்கை

பலமானவனையும் பலவீனமானவனையும் ஒரே களத்தில் இறக்க வேண்டிய சிக்கல் உலகம் முழுக்க இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் "ஜென்டில்மென்", "பிளேயர்ஸ்" என்று இரண்டு அணிகள் 1806 முதல் 1962 வரை கிரிக்கெட் ஆடின. ஜென்டில்மென் என்றால் காசு வாங்காமல் ஆடும் கனவான்கள், அமெச்சூர்கள். பிளேயர்ஸ் என்றால் கூலிக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். தொடக்க காலத்தில் கனவான்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்.

சரி, சமப்படுத்துவோம் என்று 1837-இல் ஒரு காரியம் செய்தார்கள். கனவான்கள் காக்க வேண்டிய ஸ்டம்பு வழக்கமான அளவு, 27 அங்குல உயரம், 8 அங்குல அகலம். பிளேயர்ஸ் காக்க வேண்டியது நாலு ஸ்டம்பு, 36 அங்குல உயரம், 12 அங்குல அகலம்! களஞ்சியக் கதவு மாதிரி இருந்ததால் "பார்ன் டோர் மேட்ச்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. முடிவு? பிளேயர்ஸ் ஓர் இன்னிங்ஸ் 10 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் :)

சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. திறமை வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது கருவியை மாற்றி அதைச் சரிக்கட்ட முடியாது. அந்த விதியை எழுதியவர்கள் கண்ணுக்குத் தெரிந்த அளவைத்தான் மாற்றினார்கள். எதிராளியின் பயிற்சியை அந்த விதி தொடவே இல்லை.

அமெரிக்காவில் வார இறுதியில் அலுவலக நண்பர்கள் சேர்ந்து ஆடும் ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால் இன்னொரு வழியில் போனது. 1887-இல் சிகாகோவில் பிறந்த சாஃப்ட்பாலின் ஒரு வகை இது. பந்தை உயரே வளைத்து மெதுவாகத்தான் போட வேண்டும். அதனால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் எல்லோராலும் அடிக்க முடிந்ததும் வேறொரு சிக்கல் வந்தது. பலசாலிகள் ஆட்டம் முழுக்க வேலிக்கு வெளியே அடித்துக்கொண்டே இருந்தார்கள். எனவே அணிகளைத் தரவாரியாகப் பிரித்தார்கள். கீழ்த்தரப் பிரிவுகளில் இத்தனை ஹோம் ரன்தான் என்று வரம்பு வைத்தார்கள். வரம்பைத் தாண்டி வேலிக்கு வெளியே அடித்தால் அவுட் என்று கூட விதி உண்டு. விதி வந்ததும் தில்லுமுல்லும் வந்தது. மேல்தரத்து ஆட்டக்காரன் தன் தரத்தை மறைத்துக் கீழ்ப் பிரிவில் போய்க் கோப்பை தூக்குவது அங்கே பழைய புகார். நம் ஊர் ஆட்கள் இதைப் படித்தால் "அட, அங்கேயுமா!" என்பார்கள்.

திறமையையே எண்ணாக்கிக் காட்டியது செஸ்தான். ஆர்பாட் ஈலோ வகுத்த மதிப்பெண் முறையை உலக செஸ் சம்மேளனம் 1970-இல் ஏற்றது. யாரை ஜெயித்தாய், யாரிடம் தோற்றாய் என்பதை வைத்து உன் எண் ஏறும், இறங்கும். அதனால்தான் இன்று குறிப்பிட்ட ரேட்டிங்குக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று தனிப் போட்டி வைக்க முடிகிறது. கபடியில் அது கஷ்டம். 7 பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒருவனுடைய பங்கைத் தனியாகப் பிரிப்பது எளிதல்ல. கிராமத்துப் போட்டிகளின் முடிவை யாரும் குறித்து வைப்பதும் இல்லை. ஆகவே கையில் கிடைத்த ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டோம், அதுதான் கிலோ.

தராசை ஏமாற்றுவது

எந்த அளவுகோல் வைத்தாலும் அதை ஏமாற்ற ஆள் இருப்பான். எடைப் பிரிவில் இரண்டு வழி உண்டு.

முதல் வழி, உடம்பை வற்ற வைப்பது. 58 கிலோ இருப்பவன் 55-இல் நுழைவதற்காக முதல் நாளே சாப்பாட்டை விடுவான், தண்ணீரை விடுவான், வெயிலில் ஓடுவான். எடை போட்டு முடிந்ததும் வயிறு நிறையச் சாப்பிடுவான். இரவு ஆட்டத்தில் அவன் 55 கிலோ இல்லை. "இதெல்லாம் சகஜம்பா" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 1997-இன் கடைசியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் 3 பேர் எடை குறைக்கப் போய் ஒரு மாதத்தை ஒட்டிய இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகு அங்கே கல்லூரி விளையாட்டு அமைப்பு நீராவி அறைகளையும் ரப்பர் உடைகளையும் தடை செய்தது, எடை பார்க்கும் நேரத்தைப் போட்டி நேரத்துக்கு மிக அருகில் கொண்டுவந்தது. எடை பார்த்த உடனே ஆட வேண்டும் என்றால் யாரும் உடம்பை வற்ற வைக்கத் துணிய மாட்டார்கள் என்பது கணக்கு.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத்துக்கு நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 50 கிலோ பிரிவில் இறுதிச்சுற்றுக்கு வந்தவர், அன்று காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார். இரவு முழுக்க எடை குறைக்கப் போராடியும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. மருத்துவர், உணவு நிபுணர் எல்லோரும் பக்கத்தில் இருந்த உலகத்தர வீராங்கனைக்கே இந்த நிலை. பக்கத்தில் யாருமே இல்லாத பதினேழு வயதுப் பையன் எங்கள் டெல்டா வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி, ஆளை இறக்குமதி செய்வது. நோட்டீஸில் ஊர்ப் பெயர் இருக்கும், களத்தில் இறங்கும் ஏழு பேரில் பாதிப் பேர் வேறு மாவட்டமாக இருப்பார்கள். துறை அணிகளில் தினமும் பயிற்சி எடுப்பவர், மேட்டில் ஷூ போட்டு ஆடுபவர், எல்லோரும் எடைக்குள் இருந்தால் போதும். தராசு கிலோவைக் காட்டும், வருஷக்கணக்கான பயிற்சியைக் காட்டாது. இதைத் தடுக்கத்தான் சில ஊர்களில் "ஒரே ஊர் ஆட்டக்காரர்கள் மட்டும்", "அசல் ஆதார் அட்டை கொண்டு வரவும்" என்று போடுகிறார்கள். தமிழக அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், அரசு ஊழியர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். எடையைத் தவிர வேறு சமநிலையும் தேவை என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது.

ஒரு கோப்பைக்கு ஏன் இவ்வளவு?

"சும்மா ஊர்த் திருவிழா ஆட்டம், அதில் நியாயம் என்ன, அநியாயம் என்ன?" என்று கேட்கலாம். ஆனால் கபடியில் பெரியவர்கள் எல்லாம் இந்த ஆட்டங்களிலிருந்துதான் கிளம்புகிறார்கள். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன் 2016-இல் புரோ கபடியில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார், அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 40-ஐத் தாண்டியிருந்தது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பையன்கள் அணியில் ஆடிய அபினேஷ், மன்னார்குடி பக்கத்து வடுவூர்க்காரர். வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். ஒரு சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி சீட்டு, ஒரு ரயில்வே வேலை, ஒரு போலீஸ் வேலை. நம் பக்கத்துப் பையன்களுக்குக் கபடி என்றால் இதுவும் சேர்ந்ததுதான்.

பிரச்சினை என்னவென்றால், பெரும்பாலான ஊர்ப் போட்டிகள் நாக் அவுட். ஒரு தோல்வி, வீட்டுக்குப் போ. ஒரு சின்ன ஊர் டீம் நுழைவுக் கட்டணம் கட்டி, வேன் பிடித்து, ராத்திரி இரண்டு மணி வரை காத்திருந்து, முதல் சுற்றிலேயே இறக்குமதி அணியிடம் அடி வாங்கித் திரும்புகிறது. அடுத்த வருஷம் அவர்கள் வர மாட்டார்கள். இரண்டு வருஷத்தில் அந்த ஊரில் டீமே இருக்காது. பழைய காமினி ஆட்டத்தில் ஒருவனுக்கு நடந்தது இங்கே ஓர் ஊருக்கே நடக்கிறது. அவுட் ஆனால் ஆனதுதான்.

களத்துக்குள் சஞ்சீவனியைத் தேர்ந்தெடுத்த நாம், போட்டி நடத்தும்போது மட்டும் காமினியை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வாதம். இதை மாற்றப் பெரிய செலவு ஆகாது. எனக்குத் தோன்றும் நாலு யோசனைகள்:

1. எடையைக் காலையில் பார்க்காமல், ஆட்டத்துக்கு அழைக்கும்போது களத்தின் ஓரத்திலேயே பார்க்கலாம். வற்ற வைக்கும் வேலை தானாக நிற்கும்.

2. எடையோடு வயதையும் சேர்க்கலாம். 55 கிலோ என்றால் இத்தனை வயதுக்குள் என்று ஒரு வரி போதும்.

3. ஓபனுக்கு வெளியூர் வீரர்கள் தாராளமாக வரட்டும், அவர்கள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் நம் பையன்களும் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் சுற்றுவட்டார ஊர்களுக்கு மட்டும் என்று தனியாக ஒரு பிரிவும் ஒரு கோப்பையும் இருக்கட்டும்.

4. முதல் சுற்றில் தோற்றவர்களுக்கு இன்னொரு ஆட்டம் வேண்டும். தோற்ற அணிகளுக்குள் ஒரு சுற்று வைத்து ஒரு சின்னப் பரிசு கொடுத்தாலே போதும். வந்தவன் இரண்டு ஆட்டமாவது ஆடிவிட்டுப் போவான்.

இதற்கு மேல் ஆசைப்பட்டால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த ஊர் யாரை எத்தனை புள்ளியில் ஜெயித்தது என்று வருஷா வருஷம் எழுதி வைத்தால், மூன்றாம் வருஷம் யார் எந்தத் தரம் என்று ஈலோ இல்லாமலே தெரிந்துவிடும். அட்டவணை போடும்போது பலமான நாலு அணிகள் முதல் சுற்றிலேயே சின்ன ஊர்கள் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளலாம்.

சமமான போட்டி என்றால் எல்லோரும் ஜெயிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தோற்கிறவன் தன் ஆட்டத்தால் தோற்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ஊரில் எடை எப்போது பார்க்கிறார்கள், வெளியூர் ஆட்களை விடுகிறார்களா, முதல் சுற்றில் தோற்றவர்களை என்ன செய்கிறார்கள்? வேறு நல்ல வழக்கம் இருந்தால் சொல்லுங்கள் நண்பர்களே, எங்கள் ஊர்க் கமிட்டி அண்ணன்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.